கூட்டத்தில் பேசியது யார்? குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஒரு தொடக்க வழிகாட்டி

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டு ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பேர் கூடிச் சிறுகதை படித்துப் பேசுவது எங்கள் வழக்கம். பேச்சை மொபைலில் பதிவு செய்து வைக்கிறோம். ஆனால் இரண்டு மணி நேரப் பதிவில், ஹெச்ஏஎல்லில் ஓய்வு பெற்ற மாமா எங்கே பேசினார், கோலார் தங்கவயலிலிருந்து ரயில் பிடித்து வரும் அண்ணன் என்ன மறுப்புச் சொன்னார் என்று தேடுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். இதைக் கம்ப்யூட்டரே ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுக்கும். பைத்தானில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும், நீங்களே செய்துகொள்ளலாம்.

நேரம் எங்கே போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குரலை அடையாளம் காண ஏற்கெனவே பயிற்சி பெற்ற மென்பொருளை, அதாவது மாடலை, இறக்கி ஓட்டுவது சின்ன வேலை. யாருடைய குரலை எப்படிப் பதிவு செய்கிறீர்கள், குரல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அது தரும் மதிப்பெண் எதற்குக் கீழே வந்தால் ‘இவர் யாரென்று தெரியவில்லை’ என்று சொல்ல வைக்கிறீர்கள் என்ற இரண்டில்தான் முக்கால்வாசி உழைப்பும் இருக்கிறது. இந்தக் கட்டுரையும் அந்த இரண்டு இடங்களில்தான் அதிகம் நிற்கும்.

முதலில் கேள்வியைச் சரியாகப் பிடியுங்கள்

இந்தத் துறையில் மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு. ‘இது மாமா குரல்தானா?’ என்று கேட்டு ஆம், இல்லை என்று பதில் வாங்குவது வெரிஃபிகேஷன். ‘பட்டியலில் இருக்கும் பத்துப் பேரில் இது யார்?’ என்பது ஐடென்டிஃபிகேஷன். பெயரெல்லாம் தெரியாது, ‘ஒன்றாம் ஆள் இங்கிருந்து இதுவரை, இரண்டாம் ஆள் அங்கிருந்து அதுவரை’ என்று பதிவைத் துண்டு போடுவது டயரைசேஷன். என்ன பேசினார்கள் என்று எழுத்தாக்கித் தருவது முற்றிலும் வேறு வேலை. அதை இங்கே கலக்க வேண்டாம்.

ஐடென்டிஃபிகேஷனிலும் ஒரு பிரிவு இருக்கிறது. பேசுபவர் கட்டாயம் பட்டியலில் இருப்பவர்தான் என்றால் அதிக மதிப்பெண் வாங்கியவர் பெயரைப் போட்டுவிடலாம். ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் புது ஆள் ஒருவர் வருவார். டெலிவரி கொடுக்க வந்த பையன் வாசலில் நின்று ‘சார், ஓடிபி’ என்பான், அதுவும் பதிவாகும். அப்படிப்பட்ட குரலுக்குப் பட்டியலில் யாருடைய பெயரையும் ஒட்டாமல் இருக்கத் தெரிய வேண்டும். நடைமுறையில் நமக்குத் தேவைப்படுவது எப்போதும் இந்த இரண்டாவது வகைதான். ஆக, எங்கள் ஹாலுக்கு வேண்டியது: முதலில் டயரைசேஷன், அப்புறம் ‘யாருமில்லை’ என்றும் சொல்லத் தெரிந்த ஐடென்டிஃபிகேஷன்.

குரலில் எதைப் பார்க்கிறது

குரல் நாண் அதிர்ந்து எழுப்பும் ஒலி தொண்டை, வாய், மூக்கு வழியாக வெளியே வருகிறது. குரல் நாணிலிருந்து உதடு வரை உள்ள அந்தப் பாதை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 14, 15 சென்டிமீட்டர் இருக்கும். அதன் நீளமும் வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை அமுக்கும். ஆளுக்கு ஆள் இது மாறுகிறது. சுருதியை மட்டும் வைத்துக் காரியம் ஆகாது. ஆண் குரல் 100, 120 ஹெர்ட்ஸ் அளவிலும் பெண் குரல் 200 ஹெர்ட்ஸ் அளவிலும் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் விவாதம் சூடாகிவிட்டால் யாருடைய சுருதியும் ஏறிவிடும்.

கணினி செய்வது இது: ஒலியை 25 மில்லிசெகண்ட் துண்டுகளாக, 10 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக எடுக்கிறது. ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 100 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று அளந்து 80 எண்களாக எழுதிக்கொள்கிறது. மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களை நுணுக்கமாகப் பிரித்துக் கேட்கும் என்பதால் அங்கே நெருக்கமாகவும் மேலே போகப்போக அகலமாகவும் அளக்கும். இதற்கு மெல் அளவுகோல் என்று பெயர். இந்த எண்களை ஒரு நியூரல் நெட்வொர்க் விழுங்கி, பேச்சு மூன்று செகண்டோ மூன்று நிமிடமோ, கடைசியில் 192 எண்கள் கொண்ட ஒரே ஒரு வரிசையைக் கக்குகிறது. இதைத்தான் எம்பெடிங் என்கிறார்கள். ஒரே ஆளின் இரண்டு எம்பெடிங் கிட்டத்தட்ட ஒரே திசையைப் பார்க்கும், வேறு ஆளுடையது விலகி நிற்கும். எவ்வளவு விலகல் என்பதை, இரண்டு திசைகளுக்கும் இடையிலான கோணத்தை வைத்து, காஸைன் மதிப்பெண்ணாகக் கணக்கிடுகிறோம். அது −1 முதல் 1 வரை வரும்.

192 என்றது ஈகாப்பா-டிடிஎன்என் என்ற மாடலின் அளவு. 2020இல் வந்தது. அதற்கு முன்பு 2018இல் எக்ஸ்-வெக்டர், 2011இல் ஐ-வெக்டர், 2000 வாக்கில் காஸியன் மிக்ஸ்ச்சர் என்று ஒரு வம்சாவளி உண்டு. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தப் பெயர்கள் வந்தால் மிரள வேண்டாம், எல்லாம் இதே வேலையின் முந்தைய தலைமுறைகள்தான்.

குரல் பதிவு: அவசரப்படக் கூடாத இடம்

பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் மொத்தம் ஒரு நிமிடச் சுத்தமான பேச்சு வேண்டும். ஒரே மூச்சில் ஒரு நிமிடம் வாங்கிவிடாதீர்கள். குறைந்தது இரண்டு வெவ்வேறு நாட்களில் வாங்குங்கள். காலையில் எழுந்தவுடன் இருக்கும் குரல் வேறு, சளி பிடித்த குரல் வேறு. தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வதும் வேண்டாம். வாசிக்கும்போது எல்லோரும் செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுகிறார்கள். ‘போன மாதம் படித்த கதை என்ன, சொல்லுங்கள்’ என்று கேட்டால் இயல்பாகப் பேசுவார்கள்.

அடுத்தது, பலரையும் கவிழ்க்கும் விஷயம். ‘ஆளுக்கொரு வாய்ஸ் மெசேஜ் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்லத் தோன்றும், வசதிதானே. அப்படிச் செய்தால் மாமாவின் குரலோடு மாமாவின் மொபைல் மைக், அவர் வீட்டு அறையின் எதிரொலி, எல்லாம் சேர்ந்தே எம்பெடிங்கில் ஏறிவிடும். அதே வாட்ஸ்அப் துண்டுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தால் எல்லாமே சரியாக வரும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் குரலோடு சேர்த்து மொபைலையும் அது அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. அத்தனை பேரையும் ஒரே ஹாலில் ஒரே மைக் முன்னால் உட்கார வைத்ததும் அந்தச் சந்தோஷம் போய்விடும். எனவே கூட்டத்தை எந்தக் கருவியில், எந்த அறையில் பதிவு செய்யப் போகிறீர்களோ, அதே கருவியில், அதே அறையில்தான் பெயர்ப் பதிவுக் குரலையும் வாங்க வேண்டும்.

மொழியும் கணக்கில் வரும். நம் ஊர் ஆட்கள் தமிழில் தொடங்குவார்கள், காய்காரரிடம் கன்னடத்துக்குத் தாவுவார்கள், ஆபீஸ் போன் வந்தால் ஆங்கிலம். மொழி மாறும்போது பேசும் தாளமும் சில உச்சரிப்புகளும் மாறுகின்றன. தமிழில் மட்டும் பதிவு வாங்கி ஆங்கிலத்தில் சோதித்தால் மதிப்பெண் இறங்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவர் வழக்கமாகப் பேசும் கலவை அப்படியே இருக்கட்டும்.

அறையைப் பொறுத்தவரை, டைல்ஸ் போட்ட வெறும் ஹால்தான் முதல் எதிரி. சுவரில் மோதித் திரும்பும் ஒலி குரலைக் குழப்பிவிடும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பாய் ஜமக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும். மொபைலை நடுவில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். டேபிளில் காபி டம்ளர் வைக்கும் சத்தம் நேராக மைக்கில் ஏறாது. ஃபேனைக் குறைத்துக்கொள்ளலாம். ஆட்டோ ஹாரனை ஒன்றும் செய்ய முடியாது. கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் டேபிளில் வைக்கும் யூஎஸ்பி மைக் ஒன்று பார்க்கலாம், ஆனால் அது இல்லாமலும் தொடங்கலாம்.

‘இரைச்சல் நீக்கம்’ என்று மொபைல் செயலிகளிலும் வீடியோ கால்களிலும் ஒரு வசதி இருக்கும். அதை அணைத்து வையுங்கள். காதுக்கு இனிமையாக்குகிறேன் என்று ஆளை அடையாளம் காட்டும் நுணுக்கங்களையும் சேர்த்து வழித்துவிடும்.

சுத்தம் செய்தல்

எல்லாப் பதிவுகளையும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கோப்பு மாற்றும் கருவி கொண்டு 16,000 ஹெர்ட்ஸ், ஒற்றைச் சேனல், வேவ் கோப்பாக மாற்றுங்கள். நாம் பயன்படுத்தப் போகும் மாடல் எதிர்பார்ப்பது இதைத்தான். சாதாரண போன் அழைப்புப் பதிவுகளை இதற்குள் கொண்டுவர வேண்டாம். எச்டி குரல் வசதி இல்லாத அழைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். கோப்பை 16,000க்கு மாற்றினாலும் தொலைந்த மேல்பகுதி திரும்பி வராது.

பிறகு மௌனங்களை வெட்ட வேண்டும். சிலேரோ என்ற இலவசக் கருவி பேச்சு எங்கே, வெறும் இரைச்சல் எங்கே என்று பிரித்துக் கொடுக்கும். ஆளுக்கு ஆறு துண்டு, ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து செகண்ட் என்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டியதை ஒருமுறை காதால் கேட்டே ஆக வேண்டும். மாமா பேசும்போது பக்கத்தில் ஒருவர் ‘ஆமா ஆமா’ என்று தலையாட்டியிருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள்.

மாடலை ஓட்டுதல்

ஸ்பீச்பிரெயின் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவினால், வாக்ஸ்செலப் தரவில் பயிற்சி பெற்ற ஈகாப்பா மாடல் முதல் முறை ஓட்டும்போது தானாக இறங்கிவிடும். வாக்ஸ்செலப் என்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூடியூப் நேர்காணல்களிலிருந்து திரட்டிய பிரபலங்களின் குரல் தொகுப்பு; 2017இல் வெளியான முதல் தொகுதியில் 1,251 பேர், 2018இல் வந்த இரண்டாம் தொகுதியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் மதிப்பெண்ணும் ஒரே ஆளா இல்லையா என்ற தீர்ப்பும் தரும் வசதி அதிலேயே இருக்கிறது. பத்துப் பேர் அளவுக்கு விலை உயர்ந்த ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) எதுவும் வேண்டாம், சாதாரண லேப்டாப்பே போதும். லேப்டாப் தள்ளாடினால், பிரவுசரிலேயே பைத்தான் ஓட்ட உதவும் கூகுள் கோலேப் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஆறு துண்டு, ஆறு எம்பெடிங். ஒவ்வொரு எம்பெடிங்கையும் அதன் நீளத்தால் (எண்களின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால்) வகுத்து நீளத்தை 1 ஆக்கி, சராசரி எடுத்து, அந்தச் சராசரியின் நீளத்தை மறுபடி 1 ஆக்கிக்கொள்ளுங்கள். அதுதான் பட்டியலில் அவருடைய குரல் அடையாளம். புதிய துண்டு வந்தால் பத்து அடையாளங்களோடும் ஒப்பிட்டு அதிக மதிப்பெண் யாருக்கு என்று பாருங்கள். இவ்வளவுதான் மாடல் பாகம்.

கட்-ஆஃப் எங்கே வைப்பது

அதிக மதிப்பெண் மாமாவுக்கு, 0.31 என்று வருகிறது. நம்பலாமா? ஸ்பீச்பிரெயின் தானாக வைத்திருக்கும் த்ரெஷோல்டு, அதாவது கட்-ஆஃப், 0.25, அதன்படி ஆம். ஆனால் கவுன்சலிங் கட்-ஆஃப் போலத்தான் இதுவும்: ஆண்டுக்கு ஆண்டு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும், போன வருடத்து எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் ஹால், உங்கள் மைக், உங்கள் ஆட்களுக்கு நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

வழி எளிது. பத்துப் பேர், ஆளுக்கு ஆறு என 60 துண்டுகள் கையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 1,770 ஜோடி வரும். அதில் ஒரே ஆளின் ஜோடிகள் 150, வேறு வேறு ஆட்களின் ஜோடிகள் 1,620. இரண்டு வகை மதிப்பெண்களையும் ஒரே படத்தில் இரண்டு நிறத்தில் வரையுங்கள். வலப்பக்கம் ஒரு குவியல், இடப்பக்கம் ஒரு குவியல், நடுவில் இரண்டும் கொஞ்சம் உரசிக்கொள்ளும். கட்-ஆஃப் அந்த உரசும் இடத்தில்தான் எங்கோ இருக்கிறது. ஒரே ஆளின் ஜோடிகளைப் பார்க்கும்போது ஒரே நாளில் எடுத்தவற்றைத் தனியாகவும் வேறு வேறு நாட்களில் எடுத்தவற்றைத் தனியாகவும் வரைந்து பாருங்கள். இரண்டாவது படம்தான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

தவறாகச் சேர்க்கும் விகிதமும் தவறாகத் தள்ளும் விகிதமும் சமமாகும் புள்ளியை ஈஈஆர் (ஈக்வல் எரர் ரேட்) என்பார்கள். வாக்ஸ்செலப் சோதனையில் இந்த மாடலுக்கு அது 1 சதவீதத்துக்கும் கீழே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும்போது. பட்டியலோடு ஒப்பிடும்போது கணக்கே வேறு. ஒரு ஒப்பீட்டில் அந்நியரைத் தவறாகச் சேர்க்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்று கொள்ளுங்கள், ஒப்பீடுகள் ஒன்றையொன்று சாராதவை என்றும் கொள்ளுங்கள். பத்துப் பேரோடு ஒப்பிட்டால் அந்நியர் யாராவது ஒருவர் பெயரில் நுழைந்துவிடும் வாய்ப்பு 9.6 சதவீதம் ஆகிவிடுகிறது. பட்டியலில் 100 பேர் இருந்தால் 63 சதவீதம். ஊர்ப்பட்ட பேரைச் சேர்த்துக்கொண்டு ‘99 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எந்தத் தவறு உங்களுக்கு அதிகம் வலிக்கும் என்பதையும் யோசியுங்கள். எங்கள் கூட்டத்தில் தங்கவயல் அண்ணன் சொன்னதை மாமா பெயரில் போட்டுவிட்டால் அடுத்த ஞாயிறு சண்டை நிச்சயம். பெயரே போடாமல் விட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், யாராவது கேட்டு நிரப்பிவிடுவார்கள். அதனால் கட்-ஆஃபைக் கொஞ்சம் உயர்த்தியே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கூடவே இரண்டாவது விதி ஒன்று: முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். அம்மாவும் மகளும், அண்ணனும் தம்பியும் ஒரே கூட்டத்துக்கு வருகிறார்கள் என்றால் இந்த விதி இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. இருவருமே கட்-ஆஃபைத் தாண்டுவார்கள்.

அந்நியர் குரல்களுக்கு எங்கே போவது? ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட கத்பத் தொகுப்பில் 12 இந்திய மொழிகளில் 1,684 மணி நேரப் பேச்சு இருக்கிறது, தமிழும் அதில் உண்டு. அதிலிருந்து சில தமிழ்க் குரல்களை எடுத்து ‘யாருமில்லை’ என்று வருகிறதா பாருங்கள். அவை வேறு மைக்கில் பதிவானவை என்பதால் எளிதாகவே விலகிப் போகும். எனவே பக்கத்து வீட்டாரை உங்கள் ஹாலிலேயே உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேச வைப்பது இதைவிடக் கடினமான, நல்ல சோதனை.

முழுக் கூட்டத்துக்கு

டயரைசேஷனுக்குப் பையான்னோட் என்ற நூலகம் பரவலாகப் புழங்குகிறது. மாடல்களைப் பகிரும் ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் இலவசமாகக் கிடைக்கும். கூட்டத்தில் எத்தனை பேர் என்று தெரிந்தால் அந்த எண்ணையும் கொடுத்துவிடுங்கள், அதன் வேலை குறையும்.

அது கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அடையாளம் காண முயல வேண்டாம். ‘ம்’, ‘சரிதான்’, ஒரு சிரிப்பு என்று இரண்டு செகண்டுக்கும் குறைவான துண்டுகளில் மாடலுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது. பதிலாக, ‘மூன்றாம் ஆள்’ என்று அது குறித்த எல்லாத் துண்டுகளிலும் நீளமானவற்றைப் பொறுக்கி, சராசரி எம்பெடிங் எடுத்து, அதை ஒருமுறை பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் ஆள் மாமா என்று தெரிந்துவிட்டால் அவருடைய ‘ம்’ எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் பகுதிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தமிழர்கள் இலக்கியம் பேசும் கூட்டத்தில் அது கணிசமாகவே இருக்கும்.

சரிபார்க்க, பத்து நிமிடப் பகுதி ஒன்றை நீங்களே கேட்டு, யார் எந்த செகண்டிலிருந்து எந்த செகண்ட் வரை என்று எழுதி வையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் முன்னேற்றமா பின்னேற்றமா என்று சொல்லவே வழியில்லை.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது

பூட்டாகப் பயன்படுத்தாதீர்கள். 2017இல் பிபிசி செய்தியாளர் ஒருவரின் இரட்டைச் சகோதரர், அதிலும் உருவம் ஒத்த இரட்டையர்கூட இல்லை, அவரைப் போலப் பேசிக்காட்டியே ஒரு வங்கியின் குரல் சோதனையைத் தாண்டினார். இப்போது சில செகண்ட் பேச்சை வைத்தே குரலை நகலெடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. போலிக் குரலைக் கண்டுபிடிக்க ஏஎஸ்விஸ்பூஃப் என்ற போட்டியே 2015 முதல் நடக்கிறது. நாம் இறக்கிய மாடலில் அந்தத் தற்காப்பு எதுவும் கிடையாது.

யார் மீதாவது குற்றம் சாட்டவும் இது உதவாது. ரித்தேஷ் சின்ஹா வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், விசாரணைக்காக ஒருவர் குரல் மாதிரி கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று சொன்னது உண்மை. ஆனால் அந்த மாதிரிகளை ஒப்பிடுவது தடயவியல் ஆய்வகத்தின் வேலை. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யார் திட்டினார் என்று 0.4 மதிப்பெண்ணைக் காட்டிப் பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவை விட்டுவிடுகிறது. சங்கம், அலுவலகம், பள்ளி என்று வந்துவிட்டால் கதை வேறு. எதற்காகப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம். சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் ஹாலிலும் கேட்டுவிடுவதுதான் மரியாதை. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா ‘என் குரல் வேண்டாம்’ என்றார். அவர் பேசும் இடங்களில் ‘தெரியவில்லை’ என்றே வருகிறது, அப்படியே இருக்கட்டும்.

யாராவது விலகினால் அவருடைய எம்பெடிங்கோடு மூலப் பதிவுகளையும் அழித்துவிடுங்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவரிடம் இரண்டு நாள் பதிவு வாங்கி, 60 துண்டுகளை 66 ஆக்கி, அந்த இரண்டு குவியல் படத்தை மறுபடி வரைந்து கட்-ஆஃபை ஒருமுறை சரிபாருங்கள். மைக் மாற்றினாலோ வீடு மாற்றினாலோ எல்லோருடைய பதிவையும் புதிதாக வாங்க வேண்டியதுதான்.